பாட்டுப் பலகையும் நான்கு எண்களும்



பெரும்பாலும் பள்ளி, பாடம், மாணவர் என்றே எழுதி வரும் நான், இன்று என் சமய வாழ்வில் நேர்ந்த ஒரு சறுக்கலைப் பற்றி எழுதத் துணிந்திருக்கிறேன். உங்களுள் பலர் வேறு சமயத்தவர் என்பதை நன்கறிவேன். ஆயினும் பிறரைத் திருத்தப் புறப்படும் வேலை ஆசிரியர்களாகிய நம் எல்லாருக்கும் வாய்த்திருப்பதால், இதில் உங்களுக்கும் ஏதேனும் பயன் இருக்கக்கூடும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் நான்காம் ஆண்டு பயின்ற மாணவன் ஒருவன் அடிக்கடி பள்ளிக்கு வராமல் இருந்தான். விசாரித்தபோது, பள்ளி வேனுக்கு மூன்று மாதக் கட்டணம் பாக்கி என்று தெரிந்தது. தந்தை லாரி ஓட்டுநர்; எங்கள் திருச்சபையைச் சேர்ந்தவர்; குடிப்பழக்கம் இல்லாதவர். ஆனால் நம்பர் எடுப்பார். புதன், சனி, ஞாயிறு என்று வாரத்தில் மூன்று நாள் குலுக்கல். மூன்று நாளும் அவர் கடையில் நிற்பார். (அவருடைய இசைவைப் பெற்ற பின்னரே இதை எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன்.)

போதகர் ஐயா என்னை அழைத்து, “நீங்கள் அவரோடு கொஞ்சம் உடன் இருங்கள், பிள்ளையின் ஆசிரியர் சொன்னால் கேட்பார்” என்றார். நான் மகிழ்ந்தேன். உண்மையைச் சொன்னால், பெருமைப்பட்டேன். இத்தகைய பணிக்குத் தகுதியானவன் என்று சபையில் என்னைத்தானே தேர்ந்தெடுத்தார்கள்!

முதல் சந்திப்பில் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் பாடமே நடத்தினேன். பத்தாயிரம் எண்கள், ஒரு குலுக்கலில் பரிசு பெறுபவை 23. வழக்கமான பெரிய ஆட்டத்தில் எல்லாப் பரிசுகளையும் கூட்டிப் பத்தாயிரத்தால் வகுத்தால், போடும் ஒவ்வொரு வெள்ளிக்கும் சராசரியாகத் திரும்புவது 64 காசு மட்டுமே. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கணக்கு சரிதான் சார். ஆனா அந்த 23-ல ஒண்ணு என்னோடதா இருந்தா?” என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை.

பின்னர் ஒரு திட்டம் வகுத்தேன். புதனும் சனியும் மாலை ஐந்து மணிக்கே அவர் வீட்டுக்குப் போய், கடை மூடும்வரை பேசிக்கொண்டிருப்பது. நல்ல திட்டம் என்றே இன்றும் எண்ணுகிறேன். தனியாகப் போனதுதான் பிழை. இரண்டு மணி நேரம் அவர் வேறென்ன பேசுவார்? விபத்துக்குள்ளான காரின் எண், இறந்துபோன தாயார் கனவில் வந்து சொன்ன எண், கடைசி நேரத்தில் மாற்றி எழுதியதால் கைநழுவிய முதல் பரிசு. நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்பதும் ஊழியந்தானே என்று நினைத்தேன்.

இரண்டு மாதங்களுக்குள் என்னிடம் ஒரு மாற்றம். சாலையில் முன்னால் செல்லும் வண்டியின் எண்ணை வாசிக்கத் தொடங்கினேன். காலையில் நாளிதழைப் பிரித்தால் கை தானாகக் குலுக்கல் முடிவுகளைத் தேடியது. ஒரு ஞாயிறன்று ஆலயத்தில், பாட்டுப் பலகையில் 24, 81 என்று மாட்டியிருந்தார்கள். சபையார் எழுந்து பாடுகிறார்கள். நானோ 2481 என்று வாசித்துக்கொண்டு நிற்கிறேன். அன்று என்ன பாடினோம், போதகர் எதைப் பிரசங்கித்தார் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

விசுவாசம் போய்விடுவது என்றால், கடவுள் இல்லை என்று ஒருவன் உரக்கச் சொல்வது என்றே நான் எண்ணியிருந்தேன். எனக்கு அப்படி எதுவும் நேரவில்லை. வேத வாசிப்பு நடந்தது, ஞாயிறு பள்ளியில் கதை சொன்னேன், உணவுக்கு முன் ஜெபித்தேன். உள்ளே மட்டும் வேறொன்று குடியேறிக்கொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை, அவர் வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தினேன். எவரையோ தடுக்கப் போகிறவன் அதே வரிசையில் நின்று, இரண்டு வெள்ளி நீட்டிச் சீட்டு வாங்கினேன். அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே அவரிடம் போய் மனந்திரும்புதலைப் பற்றிப் பேசினேன். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது. எண் விழவில்லை. விழுந்திருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று நினைத்துப் பார்க்கவே அஞ்சுகிறேன்.

பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரம் முதல் வசனத்தை நான் பலமுறை எடுத்துப் பேசியிருக்கிறேன். தவறிய ஒருவனைச் சாந்தமாக மீட்டெடுக்கச் சொல்லும் வசனம் அது. மீட்டெடுப்பதற்கு அங்கே மூல மொழியில் வரும் வினைச்சொல், மீனவர் வலையைச் செப்பனிடுவதற்கும் வரும் சொல்தான். இந்த விளக்கத்தை ஆர்வத்தோடு சொல்வேன். ஆனால் அதே வசனம், மீட்கப் போகிறவனும் சோதனைக்குள்ளாகாதபடி தன்னைக் கவனித்துக்கொள்ளட்டும் என்று முடிகிறது. அந்தப் பாதியை எவருக்கோ எழுதியதைப் போலக் கடந்து போயிருந்தேன்.

அகஸ்தீன் தம் ‘அறிக்கைகள்’ நூலின் ஆறாம் பகுதியில் தம் மாணவரும் நண்பருமான அலிப்பியு என்பவரைப் பற்றிச் சொல்கிறார். ஆசிரியர்கள் படிக்க வேண்டிய பகுதி. கார்த்தேஜ் நகரில் வகுப்பு நடத்தும்போது, எடுத்துக்காட்டுக்காகப் பந்தயக் களப் பித்தர்களை அகஸ்தீன் எள்ளி நகையாடுகிறார். அலிப்பியுவை மனத்தில் வைத்து அவர் சொல்லவில்லை. அலிப்பியுவோ தமக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டு அப்பழக்கத்தை விட்டுவிடுகிறார். பிறகு ரோமாபுரியில் நண்பர்கள் அவரை வாள்வீரர் சண்டைக்கு இழுத்துப் போகிறார்கள். உடல்தான் அங்கிருக்கும், மனம் இராது என்று சொல்லிக் கண்களை மூடிக்கொண்டு அமர்கிறார். கூட்டம் எழுப்பிய பேரொலி ஒன்று போதுமானதாயிற்று. கண் திறந்தார், பின்னர் பிறரையும் அழைத்துப் போகிறவரானார். அவர் தம் பலத்தையே நம்பியிருந்தார் என்பது அகஸ்தீனின் கருத்து. அதே அலிப்பியுதான் 387-இல் மிலான் நகரில் அகஸ்தீனோடு திருமுழுக்குப் பெற்றார். பிற்காலத்தில் சொந்த ஊரான தகாஸ்தேவுக்கு ஆயரானார். நான் கண்ணை மூடவில்லை. காதையும் திறந்தே வைத்திருந்தேன்.

அன்றிரவே மனைவியிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை, “போதகர்கிட்டயும் சொல்லிடுங்க” என்றார். போதகர் ஐயா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “உங்களைத் தனியாக அனுப்பியது என் தவறு. ஆண்டவரே சீடர்களை இருவர் இருவராகத்தான் அனுப்பினார்” என்றார். அதன்பின் ஓய்வுபெற்ற மூப்பர் ஒருவர் என்னோடு வந்தார். சந்திப்பு ஞாயிறு ஆராதனைக்குப் பின் என்று மாறியது. எண் பேச்சு எழுந்தால் மூப்பர் எழுந்து நின்று, “நடந்துட்டு வரலாம் வாங்க” என்பார். அவ்வளவுதான் அவருடைய உபதேசம்!

மிகக் கடினமானது, அந்தத் தந்தையிடமே சீட்டு வாங்கியதைச் சொன்னது. இனி என்னை மதிக்கமாட்டார் என்று நினைத்தேன். அவர் என்னையே உற்றுப் பார்த்துவிட்டு, “நீங்களுமா சார்?” என்றார். பிறகு உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். அடகுச் சீட்டுகள், ஆலோங்கிடம் வாங்கிய கடனுக்கான குறிப்புகள். நான் கணக்குப் பாடம் நடத்திய மாதங்களில் அவற்றைப் பற்றி அவர் வாய் திறக்கவே இல்லை. அன்றுதான் அவருடைய மனைவிக்கும் முழுத் தொகை தெரிந்தது. வீட்டில் பெரும் சண்டை. ஒரு மாதம் அவர் ஆலயத்துக்கே வரவில்லை. இரண்டு முறை மீண்டும் கடைக்குப் போனார். இரண்டு முறையும் அவரே அழைத்துச் சொன்னார். சம்பளம் மனைவியின் கைக்குப் போகத் தொடங்கிய பிறகே கடன் குறைந்தது. வேன் கட்டணத்தைச் சிறிது காலம் சபை ஏற்றுக்கொண்டது.

மாணவன் இப்போது இடைநிலைப் பள்ளியில் பயில்கிறான். தந்தையும் நானும் ஆலயத்தில் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் அமர்கிறோம். சென்ற ஞாயிறு பாட்டுப் பலகையில் எண்களை மாட்டும்போது, அவர் என் பக்கம் சாய்ந்து மெல்ல, “சார், அங்க பாக்காதீங்க, நான் பாட்டை எடுத்துத் தர்றேன்” என்று சொல்லித் தம் புத்தகத்தை என் பக்கம் நீட்டினார்.