சி டிரைவ், டி டிரைவ், ஆறு பேர் தங்கும் ஒரு ரூம்!

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர், அரசு கொடுத்த லேப்டாப்தான். தம்பி ப்ளஸ் டூ படித்த 2019-ல் பள்ளியில் கொடுத்தார்கள். ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் வந்து நிற்கும். ஒன்று விண்டோஸ், இன்னொன்று பாஸ். எதையும் தொடாமல் விட்டால் சில நொடிகளில் தானாகவே ஒன்றுக்குள் போய்விடும். அந்தச் சில நொடிகளுக்குள் அம்புக்குறியை அழுத்தி விண்டோஸைப் பிடிப்பதுதான் அப்போது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே கம்ப்யூட்டர் வித்தை. தம்பியின் வகுப்பில் அந்த இரண்டாவது பெயரை 'பாஸ் என்கிற பாஸ்கரன்' என்றுதான் கூப்பிடுவார்களாம்.

இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று தொடங்கியது. எல்காட் நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்து பள்ளி, கல்லூரிகளுக்கு அனுப்பியது. பல மாடல்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பாஸ் என்பது 'பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து 2007-ல் வெளியிட்டது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் பயன்படுத்தலாம். யோசித்துப் பார்த்தால், ஒரே ஹார்டு டிஸ்க்கில் இரண்டு ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்கிற விஷயம் தமிழ்நாட்டின் கிராமத்து வீடுகளுக்குள் வந்தது இந்த லேப்டாப்புகள் வழியாகத்தான். ஆனால், யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. 'பாஸை எடுத்துட்டா இடம் நிறைய கிடைக்கும்' என்று மட்டும் சர்வீஸ் கடைகளில் சொன்னார்கள்.

அந்த லேப்டாப் இப்போது ஒரகடத்தில் இருக்கிறது. தம்பி டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு கார் உதிரிபாக கம்பெனியில் காண்ட்ராக்ட் டிரெய்னியாக இருக்கிறான். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் தாண்டி சிங்கபெருமாள்கோவில் வரை அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் கம்பெனி காம்பவுண்டுகள், நடுவில் வரிசையாகக் கம்பெனி பஸ்கள், ஜங்ஷனில் டீக்கடைகள், 'பேச்சலர்ஸுக்கு ரூம்' என்று எழுதிய அட்டைகள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைத் திறந்தார்கள். பையன்களுக்கு இன்னும் அந்த அட்டைகள்தான் கதி.

தம்பியின் ரூமில் ஆறு பேர், மூன்று கட்டில். கணக்கு இடிக்கிறதே என்று நினைக்க வேண்டாம். ஏ ஷிஃப்ட்காரர் எழுந்து போன கட்டிலில் சி ஷிஃப்ட்காரர் வந்து படுப்பார். ஜன்னல் கண்ணாடியில் பேப்பர் ஒட்டியிருக்கிறார்கள், பகலில் தூங்குபவர்களுக்காக. ஒரு கட்டில், இரண்டு ஆள், ஆனால் ஒரே நேரத்தில் ஒருவர்தான். டூயல் பூட் என்பதை எனக்குப் புரியவைக்கத் தம்பி இதைத்தான் சொன்னான். "விண்டோஸ் ஏ ஷிஃப்ட், லினக்ஸ் சி ஷிஃப்ட். மெஷின் ஒண்ணுதாங்க்கா."

இந்த வேலை ஏன் அவனுக்குத் தேவைப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு பொதுவாக நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், அது கேட்கிற புராசஸர் பட்டியலில் இந்த லேப்டாப் இல்லை. 4 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. ஹார்டு டிஸ்க், சார்ஜரைப் பிடுங்கினால் இருபது நிமிடம் தாங்கும் பேட்டரி. புதிது வாங்க அவன் சம்பளத்தில் வழியில்லை. தூக்கிப் போடவும் முடியாது. மெயின்டனன்ஸ் பிரிவுக்குப் போக அவன் பி.எல்.சி. புரோகிராமிங் பழகிக்கொண்டிருந்தான். லைனில் ஓடும் மெஷின்களின் மூளை அந்த பி.எல்.சி. பெட்டிதான். அதைத் தெரிந்தவனுக்குக் காண்ட்ராக்டிலிருந்து வெளியே வர ஒரு வாசல் உண்டு. உள்ளே டெஸ்ட் வைக்கிறார்கள் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அந்தப் பயிற்சிக்கான மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும்.

அதனால் அவன் போட்ட திட்டம் இது. விண்டோஸ் இருக்கட்டும், ஆனால் இன்டர்நெட்டோடு சேர்க்காமல் பி.எல்.சி. பயிற்சிக்கு மட்டும். பேங்க், மெயில், வேலை தேடல், வீடியோ எல்லாவற்றுக்கும் புதிய லினக்ஸ். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஒரு ஜன்னலில் ஓட்டும் வசதி இருக்கிறதே என்று நான் கேட்டேன். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் எழுப்பி உட்காரவைக்க 4 ஜி.பி. ரேம் காணாது என்றான். சரியான பதில்தான்.

ஆனால், எனக்குப் பயம் வேறு இடத்தில் இருந்தது. டி டிரைவில் அப்பா இருக்கிறார்.

அப்பா 2021-ல் போய்விட்டார். அவர் போனிலிருந்த போட்டோக்களையும், வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களையும் தம்பி அப்போதே இந்த லேப்டாப்பில் ஏற்றிவைத்திருந்தான். போன் பிறகு பழுதாகிவிட்டது. ஆக, அந்தக் குரல் இருந்தது அந்த ஒரு இடத்தில்தான். அந்த டிஸ்க்கைத்தான் அவன் வெட்டப்போகிறேன் என்றான்.

ரூமில் இருந்த திருவண்ணாமலைக்காரர் ஒருவரின் கதை வேறு என் காதில் விழுந்திருந்தது. லேப்டாப் மெதுவாக இருக்கிறது என்று ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். கடைக்காரர் மொத்த டிஸ்க்கையும் ஒன்றாக்கி, மேலே புதிதாக ஏற்றிக் கொடுத்துவிட்டார். டி டிரைவில் இருந்த தங்கையின் கல்யாண போட்டோக்கள், சான்றிதழ் ஸ்கேன்கள் எல்லாம் போயின. அவருக்கு அது தெரிந்ததே மூன்று மாதம் கழித்துத்தான். அதற்குள் அதே டிஸ்க்கில் சினிமா மேல் சினிமாவாக ஏற்றியிருக்கிறார்.

பார்ட்டிஷன் என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ள நமக்குப் பாகப்பிரிவினை போதும். ஒரு சர்வே எண்ணில் கிடக்கும் நிலத்தை அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொள்கிறார்கள். மண் நகர்வதில்லை. உட்பிரிவு எண் போட்டு, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ரெக்கார்டில் எழுதுகிறார்கள், அவ்வளவுதான். ஹார்டு டிஸ்க்கிலும் அதே கதை. சி, டி என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கும் எல்லைகள். அந்தப் பதிவேட்டின் பழைய வடிவம் 1983-ல் ஐ.பி.எம். பி.சி-க்கான டாஸ் 2.0-வோடு வந்தது. டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள் அதற்கு ஒதுக்கியது வெறும் 64 பைட். ஒரு பாகத்துக்கு 16 பைட் வீதம் நான்கே நான்கு பாகம். நான்கு பிள்ளைகளுக்கு மேல் பெற்றவர்கள் சுற்றிவளைத்துத்தான் வழி தேட வேண்டியிருந்தது. இப்போதைய ஜி.பி.டி. முறையில் வழக்கமாக 128 பாகம் வரை எழுதலாம். அதைவிட முக்கியம், பதிவேட்டின் இன்னொரு நகல் டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும்.

பதிவேடு மட்டும் அழிந்தால் நிலம் அப்படியேதான் கிடக்கும். டெஸ்ட்டிஸ்க் மாதிரியான இலவச மென்பொருளால் பழைய எல்லைகளைத் தேடிப்பிடிக்க வாய்ப்பு உண்டு. மேலே வீடு கட்டிவிட்டால்தான் வழியில்லை. திருவண்ணாமலைக்காரர் மூன்று மாதம் வீடு கட்டியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். தம்பி முன்னேற்பாட்டில் கெட்டி, அம்மா மாதிரி. அன்றைக்கு மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை இல்லை என்று முதல் நாளே பார்த்து வைத்திருந்தான். இருபது நிமிட பேட்டரியை நம்பி எல்லைக்கல்லை நகர்த்தக் கூடாது. லினக்ஸ் ஃபைல் கிட்டத்தட்ட 3 ஜி.பி. அவன் ரீசார்ஜில் ஒரு நாளைக்குக் கிடைப்பது 1.5 ஜி.பி. அதனால் நான் வீட்டில் டவுன்லோடு செய்து பென் டிரைவில் கொண்டுபோனேன். முதல் வேலையாக அப்பாவின் ஃபோல்டரை என் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரு பிரதி, இன்னொரு பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்தோம். எடுத்ததோடு விடவில்லை. இரண்டிலும் நாலைந்து ஃபைல்களைத் திறந்தும் பார்த்தோம். ரூமில் இருவர் தூங்கிக்கொண்டிருந்ததால் ஹெட்போனில் ஆளுக்கொரு பக்கம். "கம்பெனி பஸ் ஏறிட்டியாப்பா" என்று அப்பா கேட்கவில்லை, அவர் இருந்தபோது அவன் கம்பெனிக்கே போகவில்லை. "கரண்ட் பில் கட்டியாச்சா" என்றுதான் கேட்டார்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் முன்னேற்பாடு முடிந்துவிட்டால் வேலை பாதி நாள்கூட இல்லை. விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே டி டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுத்து 60 ஜி.பி. விடுவித்தான். சி டிரைவில் இதைச் செய்தால், காலியிடம் நிறைய இருந்தும் கொஞ்சம்தான் விட்டுக்கொடுக்கும். விண்டோஸ் நகர்த்த மறுக்கும் சில ஃபைல்கள் நடுவில் நங்கூரம் போட்டு உட்கார்ந்திருப்பதால் அப்படி. அடுத்து, 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதியை நிறுத்தினான். அது இருந்தால் விண்டோஸ் ஷட் டவுன் ஆனது போல நடித்துவிட்டு அரைத்தூக்கத்தில் இருக்கும். டி டிரைவும் அதன் பிடியிலேயே இருக்கும், லினக்ஸால் அதில் எழுத முடியாது. டிஸ்க் பிட்லாக்கர் பூட்டில் இருக்கிறதா என்றும் பார்த்தான். இல்லை. இருந்திருந்தால் ரெக்கவரி கீயை முதலில் எழுதி வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

பழைய பாஸின் பாகத்தை விண்டோஸிலிருந்தே அழித்துவிடலாமே என்று பக்கத்தில் இருந்த ஒருவர் சொன்னார். அங்கேதான் நிறைய பேர் மாட்டுகிறார்கள். ஆரம்பத்தில் இரண்டு பெயர்களைக் காட்டும் அந்தக் கறுப்புத் திரை, கிரப் என்கிற வாயில்காப்போன். அவனுக்கு வேண்டிய ஃபைல்கள் பாஸின் பாகத்தில்தான் இருக்கின்றன. அதை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் 'கிரப் ரெஸ்க்யூ' என்று ஒரு வரி மட்டும் வந்து நிற்கும். விண்டோஸ் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும், வாசல்தான் தெரியாது. தம்பி நேராக பென் டிரைவிலிருந்து பூட் செய்து, அங்கே பாஸின் இடத்தையும் விடுவித்த 60 ஜி.பி-யையும் சேர்த்து, லினக்ஸ் மின்ட்டை ஏற்றினான். மின்ட்டுக்குக் குறைந்தது 20 ஜி.பி. போதும், 100 இருந்தால் நல்லது என்கிறார்கள். இவனிடம் 90 இருந்தது. 'மொத்த டிஸ்க்கையும் அழித்துவிட்டு ஏற்றவா' என்று இன்ஸ்டாலர் கேட்கும் அந்தத் திரையில் மட்டும் அவன் கை மவுஸை விட்டு எடுத்துவிட்டு இரண்டு தடவை படித்தான். திருவண்ணாமலைக்காரரும் கட்டிலிலிருந்து எழுந்து வந்து நின்று படித்தார்.

இந்த விஷயத்தில் கை நடுங்குபவர்களுக்கு ஒரு தகவல். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-ல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்தபோது, தன் கம்ப்யூட்டரில் மினிக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டத்தை வைத்துக்கொண்டுதான் லினக்ஸை எழுதினார். ஒருநாள் மோடத்துக்குப் போக வேண்டிய டயல் கட்டளை தவறுதலாக ஹார்டு டிஸ்க்குக்குப் போய், மினிக்ஸ் இருந்த பாகம் கெட்டுப்போனது. மறுபடி மினிக்ஸை ஏற்றுவதா, தான் எழுதியதையே நம்புவதா என்று யோசித்தவர், இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். நமக்கு அந்த வசதி இல்லை, நாம் பேக்கப்தான் எடுக்க வேண்டும்.

மாலை நாலு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. டி டிரைவ் கொஞ்சம் இளைத்து, அப்பா ஃபோல்டரோடு அப்படியே இருந்தது. லினக்ஸிலிருந்தும் திறந்தது.

உண்மையான சிக்கல் மூன்று நாள் கழித்து வந்தது. சி ஷிஃப்டுக்குப் போக வேண்டிய ஒருவர் தூக்கத்தில் கண் விழித்து, திறந்து கிடந்த லேப்டாப்பில் மணி பார்த்திருக்கிறார். 3.10. இன்னும் நேரமிருக்கிறது என்று திரும்பிப் படுத்துவிட்டார். உண்மையில் மணி இரவு 8.40. ஜன்னலில்தான் பேப்பர் ஒட்டியிருக்கிறதே, இருட்டியது எப்படித் தெரியும்? 9.15-க்குக் கம்பெனி பஸ். மெஸ்ஸிலிருந்து வந்தவர்கள் உலுக்கி எழுப்பியதால் ஒருநாள் சம்பளம் தப்பியது.

காரணம் எளிமையானது. லேப்டாப்புக்குள் பேட்டரியில் ஓடும் ஒரு கடிகாரம் இருக்கிறது. லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதி வைத்து, இந்தியாவுக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக் காட்டும். விண்டோஸோ கடிகாரத்தில் இருப்பதை அப்படியே உள்ளூர் நேரம் என்று நம்பும். ஒரே சுவர்க் கடிகாரத்தை இரண்டு ஷிஃப்ட்காரர்கள் இரண்டு விதமாகப் படிப்பதுபோல. நெட்டில் இருந்தால் விண்டோஸ் சீக்கிரத்தில் தன்னைத் திருத்திக்கொள்ளும். இவன்தான் அதன் நெட்டைப் பிடுங்கிவிட்டானே! லினக்ஸில் ஒரு வரிக் கட்டளை கொடுத்து, 'நீயும் உள்ளூர் நேரத்தையே எழுது' என்று சொன்னதும் சரியாகிவிட்டது. ஆனாலும் அந்த சி ஷிஃப்ட்காரர் இப்போதும் லேப்டாப் மணியை நம்புவதில்லை. போனைப் பார்த்து, பிறகு யாரையாவது கேட்டும் உறுதி செய்துகொள்கிறார்.

டெல் நிறுவனம் 2007-லிருந்து இதே ஸ்ரீபெரும்புதூரில் கம்ப்யூட்டர் தயாரித்து வருகிறது. புதுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கன்டெய்னர்கள் போகும் அதே ரோட்டில், ஏழு வருடப் பழைய லேப்டாப்பை இன்னும் இரண்டு வருடம் ஓட்ட ஒரு ரூமே கூடி உட்கார்ந்திருந்தது.

தம்பி டெஸ்ட் எழுதிவிட்டான். ரிசல்ட் இன்னும் சொல்லவில்லை. அதற்குள் ரூமில் இன்னும் இரண்டு பேர் தங்கள் அரசு லேப்டாப்பை ஊரிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்களாம். திருவண்ணாமலைக்காரர் முதலில் 64 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று வாங்கியிருக்கிறார், பேக்கப்புக்கு. என்னுடைய பென் டிரைவை நான் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். "அடுத்த ஞாயிறு கொண்டாறேன்க்கா" என்கிறான்.