தடாமி ரயில் பாதை: பனியால் பிழைத்த தடம்

ஜப்பானின் ஐசு-வகாமட்சு நகரில் தொடங்கிக் கொய்தேயில் முடியும் தடாமி ரயில் பாதையின் நீளம் 135.2 கிலோமீட்டர். ஃபுகுஷிமா மாகாணத்தின் மேற்கு மலைகளைக் கடந்து நீகாத்தா மாகாணத்துக்குள் இறங்கும் ஒற்றைத் தடம் இது. மேலே மின்கம்பி கிடையாது; ஓரிரு பெட்டிகள் கொண்ட டீசல் ரயில்களே ஓடுகின்றன. மொத்தம் 36 நிலையங்கள். ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்ச் சேரச் சுமார் நாலரை மணி நேரம் ஆகும். முதல் பகுதி 1926இல் திறக்கப்பட்டது. கடைசித் துண்டு 1971இல்தான் இணைந்தது.

வகாமட்சுவை விட்டுக் கிளம்பும் ரயில் நேரே மலைக்குப் போவதில்லை. ஐசு சமவெளியின் வயல்களினூடே தெற்கும் மேற்குமாகச் சுற்றி, பிறகு வடக்கே திரும்பி ஐசு-பாங்கேயை அடைகிறது. மே மாதம் நடவுக்காக நீர் தேக்கிய வயல்கள், செப்டம்பரில் முற்றிய கதிர்கள் என்று இங்கே பருவத்தைச் சொல்வது நெல்தான். பாங்கேயைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. மலையேறி இறங்கினால் யனாய்சு. ஆற்றங்கரைப் பாறைமேல் நிற்கும் என்சோஜி கோயிலால் பெயர் பெற்ற ஊர். அந்தக் கோயிலைக் கட்ட மரம் சுமந்த செங்காளையின் கதையிலிருந்து வந்தது, தலையாட்டும் அகாபெகோ பொம்மை.

இதற்கு மேல் ரயிலுக்குத் துணை தடாமி ஆறு. ஓஸே ஏரியில் பிறந்து அகானோ ஆற்றில் கலக்கும் இந்த ஆற்றைப் பாதை பலமுறை குறுக்கே கடக்கிறது. ஐசு-ஹினோஹாராவுக்கும் ஐசு-நிஷிகட்டாவுக்கும் இடையிலுள்ள முதலாவது தடாமி ஆற்றுப் பாலம்தான் உலகெங்கும் படங்களில் சுற்றுவது. எதிர்க் குன்றின்மேல் ஏறி, நாளுக்குச் சில முறையே வரும் ரயிலுக்காகக் காமிராவுடன் காத்திருக்கிறார்கள். ஏப்ரல் கடைசியில் காட்டுச் செர்ரியும் இளந்தளிரும். அக்டோபர் இறுதியிலும் நவம்பர் தொடக்கத்திலும் சிவப்பும் மஞ்சளும். குளிர்காலத்தில் வெறும் கருப்பு வெள்ளை. கோடைக் காலைகளில் ஆற்றின்மேல் மூடுபனி படர்கிறது. மலைப்பனி உருகி வரும் குளிர்ந்த நீரின்மேல் வெதுவெதுப்பான காற்று படும்போது உண்டாவது அது. பாலத்தின் பிம்பம் நீரில் துல்லியமாக விழுவதற்குக் காரணம் இயற்கை மட்டுமல்ல. ஆறு நெடுகிலும் நீர்மின் அணைகள் அடுக்கடுக்காக இருப்பதால் ஓட்டம் அடங்கி, ஏரிபோல் நிற்கிறது. அணைகள் இல்லாவிட்டால் அந்தப் படமும் இல்லை.

அடுத்து வரும் மிஷிமா, கைவேலையில் பருவங்களைக் கணக்கிடும் ஊர். காட்டுத் திராட்சைக் கொடியின் பட்டையை ஜூன் வாக்கில், நீரேற்றம் மிகுந்திருக்கும் சில வாரங்களில்தான் உரிக்க முடியும். பிறகு உரித்தால் வராது. ஹிரோரோ என்னும் புல்லைக் கோடை கழியும்போது அறுத்து உலர்த்திக் கயிறாகத் திரிக்கிறார்கள். மததாபி கொடியின் தண்டைச் சீவி, அரிசி களையும் சல்லடைக் கூடைகள் முடைகிறார்கள். முடித்த கூடையை வெயிலும் பனியும் படும்படி வெளியே தொங்கவிட்டு வெளுக்க வைக்கிறார்கள். நார் ஈரத்தில் இளகிக் கொடுப்பதால் அரிசி களையும் கைக்கு உறுத்தாது. வயல்வேலை இல்லாத பனிமாதங்களில் வீட்டுக்குள் நடந்த இந்த வேலை, 2003இல் தேசிய அளவில் மரபுக் கைத்தொழிலாக அங்கீகாரம் பெற்றது.

கானெயாமாவிலுள்ள ஐசு-கவாகுச்சி நிலையத்தின் நடைமேடை நீரோரமாகவே அமைந்திருக்கிறது. இங்கிருந்து தடாமி வரையிலான 27.6 கிலோமீட்டர் பயணிகளுக்காகப் போடப்பட்டதல்ல. 145 மீட்டர் உயர டகோகுரா அணைக்குச் சிமெண்டும் இயந்திரங்களும் கொண்டு செல்ல 1957இல் அமைத்த சரக்குப் பாதை அது. 1963இல்தான் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. 2011 ஜூலை இறுதியில் கொட்டிய மழையில் இந்தப் பகுதியின் 5, 6, 7ஆம் பாலங்கள் சிதைந்தன. அதற்கு முந்தைய ஆண்டில் இந்தத் துண்டைக் கடந்தவர்கள் நாளொன்றுக்குச் சராசரி 49 பேர். பேருந்தே போதும் என்றது ரயில் நிறுவனம். கணக்குப் பார்த்தால் அதில் தவறு சொல்ல இடமில்லை. ஆனால் மாகாணமும் ஊர்களும் விடவில்லை. சுமார் 900 கோடி யென் செலவில் பழுது பார்த்து, தண்டவாளத்தை ஃபுகுஷிமா மாகாணம் தன் உடைமையாக்கிக்கொள்ள, ரயில் ஓட்டும் பொறுப்பு மட்டும் நிறுவனத்திடம் இருக்கிறது. 2022 அக்டோபர் 1 அன்று, பதினோரு ஆண்டுகளுக்குப் பின் ரயில் மறுபடி வந்தது. நாளுக்கு மூன்று முறை போய்வருகிறது.

தடாமி, மக்கள்தொகை சுமார் 4,000 மட்டுமே உள்ள சிற்றூர். சுற்றிலும் பரந்த பீச் காடுகள். 2014இல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. இரண்டு மூன்று மீட்டர் வெண்பனி தேங்குவது இங்கே புதிதல்ல. கூரையிலிருந்து பனியை வழித்துத் தள்ளுவது குளிர்கால அன்றாட வேலை. பிப்ரவரியில் அதே பனியைக் குவித்துச் சிற்பமாக்கித் திருவிழா நடத்துகிறார்கள்.

இந்தப் பனிதான் பாதையைக் காப்பாற்றியதும். நஷ்டத்தில் ஓடிய கிளைப் பாதைகளை மூடுவதற்காக 1980இல் ஜப்பானில் சட்டம் வந்தது. மாற்றுச் சாலை பனியால் ஆண்டுக்குப் பத்து நாளுக்கு மேல் அடைபடும் இடங்களுக்கு அதில் விலக்கு உண்டு. தடாமியிலிருந்து நீகாத்தாவுக்குப் போகும் 252ஆம் எண் நெடுஞ்சாலை குளிர்காலம் முழுவதும் மூடப்படுவதால் தடாமி பாதை தப்பியது. ஆனாலும் பனிச்சரிவு அபாயம் கூடும்போது ரயிலும் பல நாள் நின்றுவிடுகிறது. அப்போது மலைக்கு அப்பால் போகத் தொலைவாகச் சுற்றித்தான் ஆக வேண்டும்.

தடாமிக்குப் பின், 49 கோடி கன மீட்டர் நீர் கொள்ளும் டகோகுரா நீர்த்தேக்கம் சிறிது நேரம் கண்ணில் படுகிறது. அதனடியில் ஒரு கிராமம் மூழ்கிக் கிடக்கிறது. டகோகுரா என்ற பெயரில் பனித்தடுப்புக் கூரைக்குள் இருந்த நிலையமும் 2013இல் மூடப்பட்டது. பிறகு 6,359 மீட்டர் நீளமுள்ள ரொக்குஜுரிகோயே சுரங்கம். மறுபக்கம் நீகாத்தா மாகாணத்தின் ஓஷிரகவா நிலையம். அபுருமா ஆற்றை ஒட்டி இறங்கும் பாதை, கோஷிஹிகாரி அரிசிக்குப் பேர்போன உவோனுமாவின் வயல்களுக்கு நடுவே கொய்தேயில் முடிகிறது. ஜோயெட்சு பாதையில் நாகவோகாவுக்கோ யுசாவாவுக்கோ போகிறவர்கள் இங்கே வண்டி மாறுகிறார்கள்.