டிசைன் ஃப்ரீ!

போரூரிலிருந்து பூந்தமல்லிக்கு பஸ்ஸில் போகும்போது ஜன்னலோர சீட் கிடைத்தால் ஒரு காரியம் செய்யுங்கள். கடை போர்டுகளை மட்டும் படித்துக்கொண்டே போங்கள். ஐயப்பன்தாங்கல் தாண்டி காட்டுப்பாக்கம் வருவதற்குள் ஒரு வேடிக்கை கண்ணில் படும். நிறையக் கடைகளில் கடையின் பெயர் ஓரமாக, சின்னதாக இருக்கும். பெரிதாக இருப்பது ஒரு கூல்டிரிங்க் கம்பெனியின் பெயர். இல்லாவிட்டால் பெயின்ட் கம்பெனி, செல்போன் கம்பெனி.

காரணம் ரொம்ப சிம்பிள். போர்டு அவர்கள் கொடுத்தது. இலவசம்.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கென்யாவில் சஃபாரிகாம் என்கிற டெலிபோன் கம்பெனி 2007-ல் 'எம்-பெசா' என்று ஒரு சேவையைத் தொடங்கியது. செல்போன் வழியாகப் பணம் அனுப்பலாம். பேங்க் பக்கமே போகாதவர்கள்கூட மூலைக் கடையில் பணத்தைக் கட்டி, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினார்கள். அந்த மூலைக் கடைகள்தான் ஏஜென்ட்கள். கடைச் சுவருக்குக் கம்பெனியின் பச்சை நிறம் ஏறியது. ஊர் ஊராகப் பச்சைக் கடைகள். கடைக்காரர் பெயரைத் தேடித்தான் படிக்க வேண்டும்.

கானாவின் கதை இன்னும் நமக்கு நெருக்கம். அங்கே 1980, 90-களில் டி.வி., வீடியோ பெட்டி, ஜெனரேட்டர் சகிதம் ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டுவார்கள். அதற்கு போஸ்டர் வேண்டுமே? மாவு மூட்டைச் சாக்கைப் பிரித்துத் தைத்து, அதன் மேல் ஆயில் பெயின்டில் ஹீரோவை வரைந்து தொங்கவிடுவார்கள். அச்சடித்த போஸ்டர் வந்ததும் அந்த ஓவியர்களின் பிழைப்பு போயிற்று. பழைய சாக்குகளை வெளிநாட்டுக்காரர்கள் தேடித் தேடி வாங்கி சுவரில் மாட்டிக்கொள்கிறார்கள். மவுன்ட் ரோடு சினிமா பேனர் ஆர்ட்டிஸ்டுகளை உங்களுக்கு ஞாபகம் வந்திருக்குமே!

நம் ஊரில் அந்த வேலையைச் செய்தது ஃப்ளெக்ஸ். போர்டு எழுதும் பெயின்டர் எழுத்துக்குக் கூலி வாங்கினார். 'அண்ணாச்சி, "ழ" வால் கொஞ்சம் வளைஞ்சிருந்தா கடைக்கு ராசி' என்று யோசனையும் சொல்வார். ஃப்ளெக்ஸ் வந்தபோது கணக்கு சதுர அடிக்கு மாறியது. துணிக்கு ரேட், மைக்கு ரேட். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து யோசிக்கிற பையனுக்கு ரேட் கிடையாது. 'ஆயிரம் விசிட்டிங் கார்டு அடிச்சா டிசைன் ஃப்ரீ சார்!' நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

இந்த 'ஃப்ரீ'தான் இந்த வாரம் நம் விஷயம். அதற்கு எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதைக் காட்டுப்பாக்கத்தில் ஓர் அக்காவிடம் பார்த்தேன்.

இட்லி மாவு வியாபாரம். வீட்டில் ஒரே ஒரு கிரைண்டரோடு தொடங்கி, மெயின் ரோட்டில் சின்னக் கடை பிடித்தார். தெரிந்த பையன் ஒருவன் லோகோ போட்டுக் கொடுத்தான். வெப்சைட்டும் அவனே. கூகுள் மேப்பில் கடையை ஏற்றியதும் அவனே. 'என்ன தம்பி தரணும்?' என்றதற்கு 'அட விடுங்கக்கா, அப்புறம் பாத்துக்கலாம்' என்றானாம். அக்கா இரண்டு கிலோ மாவு கொடுத்து அனுப்பினார்.

அப்புறம் மெட்ரோ வேலை வந்தது. ரோட்டின் நடுவே தூண்கள், ஓரத்தில் தகரத் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் போர்டு மறைந்தது. புதிதாக வருகிறவர்கள் போனைப் பார்த்துத்தான் கடையைக் கண்டுபிடித்தார்கள். அதாவது, போன்தான் போர்டு.

அந்த போர்டில் இருந்தது பையனின் நம்பர்! அவன் இதற்குள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். 'மாவு இருக்கா?', 'கடை தொறந்திருக்கா?' என்று தினமும் அவனுக்கு போன். கொஞ்ச நாள் பதில் சொல்லிப் பார்த்தவன், கடைசியில் நம்பரையே மாற்றிவிட்டான். அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. 'ஏன் சார், கூட்டம் கொறைஞ்சுபோச்சே, மாவு புளிக்குதோ?' என்று என்னைக் கேட்டார். மாவு அருமையாகத்தான் இருந்தது.

பையனைத் தேடிப் பிடித்தோம். நல்ல பையன். 'சாரிக்கா, மறந்தேபோச்சு' என்று மேப்பை அன்றைக்கே மாற்றிக் கொடுத்தான். ஆனால் வெப்சைட் முகவரி? அவன் பெயரில், அவன் ஈமெயிலில் பதிந்தது. வருடச் சந்தா கட்டாமல் காலாவதியாகி, வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். அந்த முகவரியைத் தட்டினால் ஏதோ சூதாட்ட விளம்பரம். அதே முகவரிதான் அக்காவின் மாவு கவர் அத்தனையிலும் பளிச்சென்று அச்சாகியிருந்தது. கவர் மொத்தமாகத்தான் அடித்துத் தருவார்கள். மூட்டை மூட்டையாக வீட்டில் கிடந்தது. மகளும் அவரும் ராத்திரி உட்கார்ந்து, ஒவ்வொரு கவரிலும் ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

இதில் யார் மேல் தப்பு சொல்வீர்கள்? பையன் ஏமாற்றவில்லை. அக்கா ஏமாளியும் இல்லை. கூலியும் இல்லை, காகிதமும் இல்லை. அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? சுதந்திரமாக வேலை செய்யும் டிசைனர் ஒரு படம் வரைந்தால், 1957-ம் வருட காப்பிரைட் சட்டப்படி பொதுவாக அதன் முதல் சொந்தக்காரர் அவர்தான். பணம் கொடுத்துவிட்டதால் மட்டும் லோகோ உங்களுடையதாகிவிடாது. உரிமையை மாற்றித் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதும்போது எத்தனை வருடத்துக்கு என்று குறிப்பிட மறந்தால், ஐந்து வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும்! ஆறாவது வருடம் உங்கள் லோகோ மறுபடி அவருடையது.

கடைப் பெயர் தனி விவகாரம். அதை டிரேட்மார்க்காகப் பதிய கிண்டியிலேயே ஆபீஸ் இருக்கிறது. 2017 விதிகளின்படி, தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் ஆன்லைனில் விண்ணப்பிக்க ஒரு பொருள் வகைக்கு 4,500 ரூபாய். பதிவானால் பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். பதியாமலேயே வட்டத்துக்குள் 'ஆர்' போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. அதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. பதிவாகும் வரை 'டி.எம்.' போட்டுக்கொண்டால் போதும்.

கடை வைத்திருக்கிறீர்களா? இன்று ராத்திரி ஷட்டரை இறக்கியதும் நான்கு விஷயம் பாருங்கள். வெப்சைட் முகவரி யார் பெயரில், யார் ஈமெயிலில் இருக்கிறது, எந்தத் தேதியில் காலாவதி ஆகிறது? மேப்பில் யாருடைய நம்பர்? லோகோவின் ஒரிஜினல் ஃபைல் உங்களிடம் இருக்கிறதா? வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான ஜேபெக்கைச் சொல்லவில்லை, கோரல்டிராவிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ போட்டதைக் கேட்கிறேன். நான்காவது, டிசைனர் எழுதிக் கொடுத்த ஒரு துண்டுக் காகிதமாவது இருக்கிறதா?

கடை இல்லாதவர்களும் சிரிக்க வேண்டாம். உங்கள் பிள்ளையோ, தம்பியோ இந்த டிசைன் வேலையில்தான் இருப்பான். ராத்திரி ஒரு மணிக்கு 'லோகோவைக் கொஞ்சம் பெருசு பண்ணு தம்பி' என்று போன் வரும். ஏழாவது தடவை திருத்துவான். கேட்டால் 'பிரின்டிங் ஆர்டர் கொடுத்தோமே' என்பார்கள். கூலி வராத வேலையின் சாவியைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்க யாருக்கு ஞாபகம் இருக்கும்?

ஆகவே, அடுத்த முறை யாராவது 'டிசைன் ஃப்ரீ சார்' என்றால் சந்தோஷப்படாதீர்கள். 'ஃப்ரீ வேணாம் தம்பி. எவ்வளவுன்னு சொல்லு, காசை வாங்கிக்கோ. எல்லாத்தையும் என் பேர்ல எழுதிக் கொடுத்துட்டுப் போ' என்று சொல்லுங்கள்.

பேரம் பேசுவதென்றால் ஃப்ளெக்ஸ் துணியில் பேசிக்கொள்ளலாம்.