ஜமக்காளத்தின் கீழே

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். பிறர் கட்டிய வீட்டை விலைக்கு வாங்குவதைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லாமல் போனது நமது துரதிர்ஷ்டமே. சொல்லியிருந்தால், "வாங்குமுன் ஜமக்காளத்தைத் தூக்கிப் பார்" என்பதையும் சேர்த்திருப்பார்கள். நாமும் ஒரு சித்திரை மாதத்து மாலையில் தலைகுனியாமல் தப்பியிருப்போம்.

பள்ளிக்கூட உத்தியோகத்தில் பதினெட்டு வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை நம்பி, கும்பகோணத்தில் ஒரு பழைய வீட்டைப் பார்க்கப் போயிருந்தோம். தெருவிலே கொளுத்தும் வெயில். உள்ளே கூடம் குளுகுளுவென்று இருந்தது. சுவருக்குச் சுவர், நீலமும் சிவப்புமாகப் பட்டை போட்ட பவானி ஜமக்காளம் விரித்திருந்தார்கள். வீட்டுக்காரர் எழுபது வயதுப் பெரியவர். நீர்மோர் கொடுத்து உபசரித்தார். நாம் சம்மணமிட்டு அமர்ந்து, மூலப் பத்திரத்தையும் முப்பது வருஷத்து வில்லங்கச் சான்றிதழையும் பரீட்சைத் தாள் திருத்துவது போல் வரி வரியாகப் படித்தோம். ஒரு பிழையும் இல்லை. மனத்துக்குள் நூற்றுக்கு நூறு போட்டுவிட்டு, முன்பணத்தைப் பற்றிப் பேச வாயெடுத்தோம்.

அதுவரையில் ஜமக்காளத்தின் ஓரத்தை உள்ளங்கையால் தடவிக் கொண்டிருந்த நம் மனைவி, "ஐயா, இதைக் கொஞ்சம் சுருட்டிப் பார்க்கலாமா?" என்று கேட்டாள்.

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. மோர் கொடுத்த மனிதரின் விரிப்பைத் தூக்கிப் பார்ப்பதா? கண்ணாலேயே அவளை அதட்டினோம். ஆனால் பெரியவர் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து, தாமே குனிந்து அதைச் சுருட்டினார்.

சிவப்புச் சிமெண்டுத் தரை, பாதிக்கு மேல் உப்புத் தூவியது போல் வெளுத்துக் கிடந்தது. சுவரோரமாக ஒரு நீண்ட விரிசல் ஓடியது. புழுங்கிய மண் வாசனை குப்பென்று எழுந்தது.

"ஐப்பசி பிறந்தால் ஈரம் ஏறும், தை வரையில் இருக்கும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், சார். நீங்கள் பத்திரத்தைத்தானே கேட்டீர்கள்?" என்றார் பெரியவர்.

"சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்று தினந்தோறும் வகுப்பில் முழங்குகிற நமக்கு, அதற்குப் பதில் சொல்ல நாவெழவில்லை.

வீடு திரும்பியதும், 1882-ஆம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தைப் புரட்டினோம். விற்பவர் தமக்குத் தெரிந்த முக்கியமான குறைகளைச் சொல்லியாக வேண்டும் என்கிறது அதன் 55-ஆவது பிரிவு. ஆனால் எந்தக் குறைகளை? வாங்குகிறவர் சாதாரணக் கவனத்துடன் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத குறைகளை! ஒரு ஜமக்காளத்தைப் புரட்டுவதற்கு அசாதாரணமான கவனம் எதற்கு? கூச்சத்தினால் பார்க்காமல் விட்டோம் என்று நியாயஸ்தலத்தில் போய்ச் சொல்ல முடியுமா? மரியாதை வேறு, கவனம் வேறு என்பது நாற்பது வயதுக்கு மேல்தான் நமக்கு விளங்கிற்று.

கைத்தறியைக் குறை சொல்வதாக நேயர்கள் எண்ண வேண்டாம். காவேரியும் பவானியும் கூடும் இடத்தில் நெய்யப்படும் அந்த ஜமக்காளம் நம் நாட்டுக் கைத்திறனுக்கு ஓர் அணி. குற்றம் அதனுடையதல்ல, அதற்குக் கீழே பார்க்காத நம்முடையது.

கட்டடத்தின் அடியில் ஈரத்தடுப்பு இல்லாவிட்டால், நிலத்து நீர் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல் செங்கல்லிலும் காரையிலும் ஏறுகிறது. நீர் ஆவியாகிப் போக, அது கொண்டு வந்த உப்பு வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. கோடையில் இது அடங்கியிருக்கும். ஆகையால் வீடு பார்ப்பதற்குச் சித்திரையைவிட ஐப்பசி, கார்த்திகை மேல். விரிப்புகள் எல்லாவற்றையும் சுருட்டச் சொல்லுங்கள். கம்பளத்தைத் தரையோடு ஒட்டியிருந்தால், ஒரு மூலையையாவது கிளப்பிக் காட்டச் சொல்லுங்கள். அதன் அடிப்புறத்துக் கறையும் பூஞ்சையும் உண்மையைச் சொல்லிவிடும். சுவரோரத்தில் கறையானின் மண்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். தரையை நாணயத்தால் தட்டி, பொள்ளல் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். ஒரு பாலிதீன் துண்டை நாற்புறமும் ஒட்டி, ஒரு பகலும் இரவும் விட்டு எடுங்கள். அடியில் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் கீழிருந்து வருகிறது என்று அறியலாம். பிள்ளையின் கோலிக்குண்டு ஒன்றை உருட்டினால் தரையின் சாய்வும் தெரிந்துவிடும்.

ஐப்பசியில் மறுபடியும் போய், இவ்வளவையும் பெரியவர் முன்னிலையிலேயே செய்தோம். கொத்தனார், தரையைப் பெயர்த்து, அடியில் ஈரத்தடுப்பு விரிப்புப் போட்டுப் புதிதாகத் தளமிட ஆகும் செலவைக் கணக்கிட்டார். அதில் பாதியைப் பெரியவர் விலையில் குறைத்துக் கொண்டார், மீதி நம்முடையது. முழுவதையும் கேட்கலாம் என்றார் தரகர். கேட்டதும் உண்மையைச் சொன்ன மனிதரிடம் அப்படிக் கேட்க நமக்கு மனம் வரவில்லை. நம் மனைவியும் இதற்கு ஆட்சேபம் சொல்லவில்லை.

சாவியைக் கொடுத்த அன்று, பெரியவர் ஜமக்காளத்தையும் எங்களிடமே விட்டுச் சென்றார். விருந்தாளிகள் வந்தால் அதைத்தான் விரிக்கிறோம். அவர்கள் போனதும், மறக்காமல் சுருட்டி வைத்துவிடுகிறோம்.