வெட்டினாலும் அவிழாத பின்னல்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, மரங்கள் அரிதான, காற்று ஓயாத ஷெட்லாந்து தீவுகள். ஃபேர் ஐல் என்ற குட்டித் தீவின் பெயரால் உலகம் அறிந்த வண்ணப் பின்னலைக் கையால் பின்னுகிறவர்களைக் காண லெர்விக் நகருக்குப் போயிருந்தேன்.

எனக்குச் செய்துகாட்டிய மூதாட்டி முதலில் இடுப்பில் ஒரு தோல் பெல்ட்டைக் கட்டிக்கொண்டார். அதில் குதிரைமயிர் அடைத்த சிறு திண்டு. திண்டின் மேல்தோலெங்கும் துளைகள். இருமுனையும் கூரான நீண்ட ஊசியின் ஒரு முனையைத் துளையில் செருகினார். ஊசியைத் தாங்கும் வேலை பெல்ட்டுக்குப் போய்விட்டதால், வலது கைக்கு நூலை எடுத்துக்கொடுக்கும் வேலை மட்டுமே மிச்சம். அவர் விரல்களின் வேகத்தை என் கண்ணால் தொடர முடியவில்லை. அந்தக் காலத்துப் பெண்கள், அடுப்பெரிக்கும் பீட் என்ற சதுப்புமண் கட்டிகளை முதுகுக் கூடையில் சுமந்து நடந்தபடியே இப்படிப் பின்னினார்கள்.

மூன்று ஊசிகளில் கண்ணிகளைப் பிரித்து நிறுத்தி, நான்காவது ஊசியால் சுற்றிச் சுற்றிப் பின்ன, ஸ்வெட்டரின் உடல் தையலே இல்லாத குழாயாக வளர்கிறது. திருப்பூர் பனியன் துணியும் வட்ட எந்திரத்தில் குழாயாகத்தான் இறங்குகிறது. வண்ணப் பின்னலில் இப்படிச் சுற்றிப் பின்னுவதற்குத் தனிப் பயன் உண்டு. துணியின் முகம் எப்போதும் பின்னுபவரைப் பார்த்தே இருப்பதால், பூ சரியாக விழுகிறதா என்பது அந்தந்தச் சுற்றிலேயே தெரிந்துவிடும்.

ஸ்வெட்டரில் எத்தனை நிறம் தெரிந்தாலும் ஒரு சுற்றுக்கு இரண்டு நூல்கள்தான். ஒன்று கண்ணியாகும்போது மற்றது துணிக்குப் பின்னால் ஓடுகிறது. அந்த ஓட்டம் இறுகினால் துணி சுருங்கும். தொய்ந்தால் போடும்போது விரல் மாட்டும். அதனால் ஓர் அங்குலத்துக்குமேல் எந்த நூலும் சும்மா ஓடாதபடி பூக்களையே சிறிய அளவில் அமைத்திருக்கிறார்கள். இரண்டு நூல்களில் கீழிருந்து வருவதன் கண்ணி சற்றே பெரிதாக எழும். பூவுக்கான நிறத்தை எப்போதும் கீழிருந்தே எடுக்க வேண்டும். நடுவில் மாற்றினால் பூ மங்கிவிடும். பின்னால் ஓடும் நூல்களால் துணி இரண்டடுக்காகிறது. குளிர்கடலுக்குப் போன மீனவர்களுக்குக் கதகதப்புத் தந்தது அந்த உள்ளடுக்கு.

கை இணைக்க வேண்டிய இடத்தில் சில கண்ணிகளைக் கூடுதலாகப் போட்டுக் குழாயை முடிக்கிறார்கள். பிறகு அந்தக் கண்ணிகளின் நடுவே கத்தரிக்கோல் இறங்குகிறது. வாரக்கணக்கான உழைப்பை மூதாட்டி தயங்காமல் வெட்டினார். ஒரு கண்ணியும் அவிழவில்லை. ஷெட்லாந்து ஆட்டுக் கம்பளியின் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் தன்மையுடையவை. வழுவழுப்பான நூலாக இருந்தால், வெட்டுவதற்கு முன் இருபுறமும் தைத்துக்கொள்ள வேண்டும். வெட்டிய விளிம்பை ஒட்டிக் கண்ணிகளை எடுத்து, கையைத் தோளிலிருந்து மணிக்கட்டு நோக்கிப் பின்னுகிறார்கள்.

இவ்வளவு நுட்பத்துக்கும் கூலி என்ன? 19-ஆம் நூற்றாண்டில் வணிகர்கள் பின்னலை வாங்கிக்கொண்டு காசுக்குப் பதில் தேயிலையும் துணியும் கொடுத்தார்கள். பிரிட்டிஷ் அரசு இதை விசாரித்து 1872-இல் வெளியிட்ட அறிக்கையில், பின்னல்காரப் பெண்களின் வாக்குமூலங்களே இருக்கின்றன. 1920-களின் தொடக்கத்தில் வேல்ஸ் இளவரசர் எட்வர்ட் கோல்ஃப் மைதானத்தில் ஃபேர் ஐல் ஸ்வெட்டர் அணிந்ததும் அது பெரும் நாகரிகமாயிற்று. ஆனாலும், செலவிட்ட நேரத்தைக் கணக்குப் பார்த்தால் கைப்பின்னலுக்குக் கூலி கட்டாது என்பதே இன்றும் நான் அங்கே கேட்ட பேச்சு.

தீவுப் பள்ளிகளில் பின்னல் பாடம் 2010-இல் நிறுத்தப்பட்டது. இப்போது மூத்த பெண்கள் ஊதியமில்லாமல் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர்களை வணங்கத் தோன்றுகிறது. ஆனால் கற்றுக்கொள்ளும் பிள்ளை நாளை இதை நம்பிப் பிழைக்க வேண்டுமென்றால், வாங்குகிற நாம் கம்பளியின் விலையோடு அந்த விரல்களின் நேரத்துக்கும் விலை கொடுத்தாக வேண்டும்.