வயது ஏறினாலும் மிதிக்கலாம்

"இந்த வயசுல சைக்கிள் எதுக்கு சார்?" என்று கேட்பவர்களிடம் நான் சொல்லும் பெயர் ரொபேர் மர்ஷான். பிரான்ஸ்காரர், 1911-இல் பிறந்தவர். தீயணைப்பு வீரராகவும் லாரி ஓட்டுநராகவும் உழைத்தவர், தன் அறுபது வயதுகளின் பிற்பகுதியில்தான் மறுபடி தீவிரமாக சைக்கிளில் ஏறினார். 2012-இல், 100 வயதில், ஒரு மணி நேரத்தில் 24 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார். 2014-இல், 102 வயதில், அதே ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர்!

இது எப்படி முடிந்தது? உடலியல் ஆய்வாளர் வெரோனிக் பிலா வகுத்த பயிற்சியில் பெரும்பகுதி மெதுவான மிதிப்பு, சிறு பகுதி மட்டுமே கடுமையானது. அந்த இரண்டு ஆண்டுகளில் மர்ஷானின் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் சுமார் 13 சதவீதம் கூடியது. நூறு வயதுக்குப் பிறகும் உடல் பயிற்சிக்கு இணங்குகிறது என்பது எனக்குப் பெரிய நம்பிக்கை.

அறுபதைத் தாண்டிய நண்பர்களே, முதலில் மருத்துவரைப் பாருங்கள். பெடல் கீழே வரும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி சீட்டை உயர்த்துங்கள். லேசான கியரில் மிதியுங்கள், மூட்டு தாங்கும். சைக்கிள் இதயத்துக்கும் தொடைக்கும் நல்லது. ஆனால் எலும்பு வலுவுக்கு அது மட்டும் போதாது, நடையும் எடைப் பயிற்சியும் கூடவே வேண்டும். ஹெல்மெட் கட்டாயம்.

நாளை காலை டயரில் காற்றைச் சரிபாருங்கள். தெருமுனை வரை போய் வந்தாலே போதும், அதுவே தொடக்கம்.