ஆறாவது எண்

பொறியியலில் இடம் கிடைக்காதவர்களின் புகலிடமாகவே எங்கள் ஊரில் கணித இளங்கலை கருதப்படுகிறது. தமிழ் வழியில் பயின்று வந்த எங்களிடம், ஆங்கிலப் பாடநூலை வரி பிசகாமல் மனனம் செய்வதே தேர்ச்சிக்கு வழி என்றார்கள் மூத்த மாணவர்கள். அந்த வழியை அடைத்தவர் எங்கள் பேராசிரியர்.

பகா எண்கள் முடிவற்றவை என்பதற்கு யூக்ளிட் தந்த நிறுவல் அன்றைய பாடம். பகா எண்களை 2 தொடங்கி வரிசையாகப் பெருக்கி, ஒவ்வொரு படியிலும் ஒன்றைக் கூட்டச் சொன்னார். 3, 7, 31, 211, 2311 என வந்த ஐந்தும் பகா எண்களே. "ஆறாவதும் அப்படித்தானா? நாளை சொல்லுங்கள்" என்று போய்விட்டார். அன்றிரவு விடுதியில் வகு எண்களைப் பங்கிட்டுக்கொண்டு 30031-ஐ வகுத்துப் பார்த்தோம். 59 மீதியின்றி வகுத்தது, ஈவு 509.

மறுநாள் தமிழிலேயே விளக்கினார். ஐந்து எடுத்துக்காட்டுகள் நிறுவலாகா. கிடைக்கும் எண் பகா எண் என்பது யூக்ளிட்டின் வாதமன்று. 2 முதல் 13 வரையிலான பகா எண்களில் எதனால் வகுத்தாலும் அதில் ஒன்று மீதிப்படும். ஆகவே அதன் பகாக் காரணிகள் அந்தப் பட்டியலுக்கு வெளியேதான் இருந்தாக வேண்டும். 59-உம் 509-உம் அத்தகையவை. முடிவுள்ள எந்தப் பட்டியலும் இவ்வாறே குறைபட்டு நிற்கும். அதன்பின் ஆங்கில வரிகள் தாமாகப் பொருள் தந்தன.

முதலாண்டிலேயே படிப்பை நிறுத்திவிட எண்ணியிருந்த எங்கள் தோழர் இருவர் இப்போது முதுகலைக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். பேராசிரியர் இவ்வாண்டு பணி ஓய்வு பெறுகிறார். நூல் சொன்னாலும் தாமே சொன்னாலும் சரிபார்த்த பின்னரே ஏற்கவேண்டும் என எங்களைப் பழக்கிய அவருக்கு எங்கள் வணக்கம்.